எழுபத்தொன்றாம் நாள் வாக்கெடுப்பு

ஊரடங்கின் எழுபத்தொன்றாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கோரிக்கை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிப் பொறுப்பதில்லை. கதவு திறந்தாக வேண்டும்.

கோரிக்கை என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. முப்பத்து நான்கு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். அதில் முப்பது வருடம் சங்கத்தில் இருந்தவர். நிர்வாகத்தின் மேசைமேல் அவர் கொண்டுபோய்ப் போட்ட கோரிக்கை மனுக்கள் எல்லாம் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. டீயில் சர்க்கரை குறைவு என்பதைக்கூட முதலாவதாக, இரண்டாவதாக என்று எண் போட்டுத்தான் சொல்வார்.

நான்கு மாடி, மாடிக்கு மூன்று வீடு, மொத்தம் பன்னிரண்டு வீடு. எல்லாருக்கும் சேர்த்து வாசலில் ஓர் இரும்புக்கதவு. அதன் சாவி முதல் மாடிப் பல் டாக்டரின் இடுப்பில். அவர்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை, முறைவைத்து, பையோடு கடைக்குப் போய் வரலாம். அறுபதைத் தாண்டியவர்கள் கதவைத் தாண்டக் கூடாது. விருந்தாளி என்று யாரும் உள்ளே வரக் கூடாது. கோரிக்கைக்கு அறுபத்தேழு.

அரசாங்கம் பதினான்கு நாள் என்றுதான் ஆரம்பித்தது. பதினான்காவது நாள் இன்னொரு பதினான்கு நாள் என்றது. இப்படியே ஐந்து முறை. கடைசியில் அதற்கே அலுத்துப்போய், அடுக்குமாடிக் குடியிருப்புகள் தங்கள் கதவைப் பற்றித் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று கை கழுவிவிட்டது. ஊரே கை கழுவிக்கொண்டிருந்த காலம். அரசாங்கமும் கழுவியதில் வியப்பில்லை. ஆனால் பல் டாக்டர் மறுநாளே படிக்கட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: ‘மறு அறிவிப்பு வரும்வரை தற்போதைய நிலையே தொடரும்.’

அதைப் படித்துவிட்டு வந்துதான் கோரிக்கை பல் துலக்க ஆரம்பித்திருந்தார்.

“பார்த்தியா நோட்டீஸை? ‘மறு அறிவிப்பு வரும்வரை’யாம்! எந்த நிர்வாகம் இதை எழுதினாலும் என்ன அர்த்தம் தெரியுமா?”

“இன்னும் தேதி முடிவு பண்ணலைன்னு அர்த்தம்” என்றாள் மனைவி.

“இல்ல! முடிவு பண்ணவே போறதில்லைன்னு அர்த்தம்!”

“வாயைக் கொப்பளிச்சுட்டுப் பேசுங்க. நுரை என் மேல தெறிக்குது.”

மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். ஊரில் யார் யாரோடு பேசினாலும் நடுவில் இருந்தவள். கேட்டதை வெளியே சொல்ல மாட்டாள், மறக்கவும் மாட்டாள். போன பனிக்காலத்தில் கோரிக்கைக்கு நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். அந்தப் பதினொரு நாளும் அவள் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து, நர்ஸ்களுக்கு இரவுப்படி போதாது என்று டாக்டரிடம் மனு கொடுத்தார். டாக்டர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை இந்த மாதிரி வந்தா தாங்காதும்மா” என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அதை அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

“வெளியே போய் என்னதான் பண்ணப் போறீங்க?”

“என்ன பண்ணப் போறேங்கிறது கேள்வியே இல்ல. போகலாமா, கூடாதா? அதுதான் கேள்வி.”

“கூடாது.”

“அதை நீ சொல்லக் கூடாது!”

“சரி, டீ ஆறுது.”

டீயைக் குடித்துவிட்டு, சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். அந்த மாதம் எப்படியும் யாருக்கும் பயன்படவில்லை. தாளைக் கூம்பாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். நானூறு பேருந்துகளை ஒரே விரலசைவில் டிப்போவுக்குள் நிறுத்திவைத்த மனிதர், ஒரே ஒரு கதவைத் திறக்க முடியாமல் எழுபத்தொரு நாள் உட்கார்ந்திருக்கிறார். இது வெளியே தெரிந்தால் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு என்ன மரியாதை?

“குடியிருப்போரே!” என்றார் காகிதக் கூம்புக்குள். மூன்றாம் மாடியிலிருந்து குரல் தெரு முனை வரை போயிற்று. “பூட்டுறதுக்கு ஒரே ராத்திரி போதும்னாங்க! திறக்கிறதுக்கு மட்டும் குழு வேணுமாம். குழுவுக்கு அறிக்கை வேணுமாம். அறிக்கைக்கு அவகாசம் வேணுமாம்! தினமும் டிவியில ஒருத்தர் வந்து, நிலைமையைக் கண்காணிச்சுட்டு வர்றோம்னு சொல்றார். நாமளும்தான் கண்காணிக்கிறோம், அவரை! கடையில நாற்பது பேர் முண்டியடிச்சா கிருமி வராது. நான் ஒருத்தன் தனியா ஆற்றங்கரையில நடந்தா வந்துடும். இது எந்த ஊர்க் கிருமி? மனுஷன் வயசைக் கேட்டுட்டா ஒட்டும்?”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களின் வீடுகளில் தோட்டம் இருந்தது. நடக்க இடம் இருந்தது. பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு படிக்கட்டில் இருப்பவர்களைக் கேட்டு யாரும் பூட்டவில்லை. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. கைகள் தட்டின. நாலாம் மாடி உடற்பயிற்சி ஆசிரியர் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

“சரியாச் சொன்னீங்க சார்! நாங்க என்ன மிருகக்காட்சி சாலையிலயா இருக்கோம்?”

எதிர் வீட்டுக் காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், மேலே சட்டையும் டையும் கீழே லுங்கியுமாக ஓடிவந்தார். “எனக்கு ஆபீஸ் போகாம பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்கு! திறங்க கதவை!”

“திறங்க! திறங்க!” என்று பால்கனி பால்கனியாக ஆண்கள் கத்தினார்கள். கோரிக்கையின் மார்பு இரண்டங்குலம் விரிந்தது. உடனே இருமல் வந்தது. மனைவி உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

பல் டாக்டர் கீழே முற்றத்துக்கு வந்து, முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்னவர். இத்தனை வாய் தானாகத் திறந்து பார்த்ததில்லை.

“சார், எல்லாம் உங்க உடம்புக்காகத்தான்...”

“என் உடம்பைப் பத்தி என்கிட்ட கேட்டியா நீ?”

“இப்ப என்ன சார் செய்யணும்கிறீங்க?”

“வாக்கெடுப்பு! வர்ற ஞாயிற்றுக்கிழமை! வயசுக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஓட்டு!”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “சரி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் பால்கனிக்கு வந்து கையைத் தூக்கிடுங்க. எண்ணிடலாம். எது ஜெயிக்குதோ அது ஒரு மாசத்துக்கு.”

“அதுவும் நல்லதுதான். சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றாள் மனைவி, கோரிக்கையின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கோரிக்கை திரும்பிப் பார்த்தார். முப்பது வருட அனுபவம் அவருக்குள் மணியடித்தது. எதிராளி எதை நல்லது என்கிறானோ அதை ஒத்துக்கொள்ளாதே என்பது சங்கத்தில் அவரே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். கையைத் தூக்குவதாம்! பக்கத்தில் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு எந்த ஆண்பிள்ளை கையைத் தூக்குவான்?

“முடியாது! ரகசிய வாக்கெடுப்பு! யார் என்ன போட்டாங்கன்னு எவருக்கும் தெரியக் கூடாது. பயமில்லாம, மனசாட்சிப்படி போடணும்!”

“அய்யோ, எதுக்குங்க அவ்வளவு சிரமம்?”

“சிரமம் உனக்கு. சுதந்திரம் எங்களுக்கு.”

“சரி, உங்க இஷ்டம்” என்று அவள் விட்டுக்கொடுத்தாள். முப்பத்தேழு வருடத்தில் அவள் இவ்வளவு சுலபமாக எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. அது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். வெற்றி பெற்றவனுக்கு எதுவும் உறுத்துவதில்லை.

அன்று மாலை அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

“ஒருவேளை தோத்துட்டா?”

“தோக்க மாட்டேன்.”

“ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன்.”

“தோத்தா பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவேன். அதுதான் ஜனநாயகம்.”

“ஒரு மாசம் முழுக்க? கதவுப் பக்கம் போக மாட்டீங்க? டாக்டர் தம்பியைத் திட்ட மாட்டீங்க? முணுமுணுக்கவும் மாட்டீங்க?”

“எழுதித் தர்றேன், வச்சுக்க!” என்று எழுதியே கொடுத்துவிட்டார். முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக.

அடுத்த நான்கு நாளும் அந்த வீட்டில் ஓய்வே இல்லை. பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். எப்போதோ நடந்த சங்க மாநாட்டுக்கு அச்சடித்து மீந்துபோன அனுமதிச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. பிரதிநிதிகளுக்குச் சிவப்பு, பார்வையாளர்களுக்கு வெள்ளை. கதவைத் திறக்கச் சிவப்பு, பூட்டியே வைக்க வெள்ளை என்று அறிவித்தார். “வெறும் பார்வையாளரா இருக்கிறவன் வெள்ளையைப் போடட்டும்!” என்று கூம்புக்குள் கர்ஜித்தார். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. ஒன்றை டப்பாவில் போட்டுவிட்டு மற்றதைத் தங்கள் வீட்டுக் குப்பையில் கிழித்துப் போட வேண்டும். மூடியில் கத்தியால் கீறிய ஒரு பிஸ்கட் டப்பா. கயிற்றில் கட்டி நாலாம் மாடியிலிருந்து பால்கனி பால்கனியாகக் கீழே இறங்கும். யாரும் யாரையும் தொட வேண்டாம்.

காலையும் மாலையும் பால்கனியில் கூட்டம். கோரிக்கை பேசுவார், ஆண்கள் கத்துவார்கள். அந்த நேரங்களில் மனைவி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, யாரோடாவது இரண்டு நிமிடம் பேசுவாள். பெரும்பாலும் கேட்பாள். “ஓ... அப்படியா... ஆமாமா, யோசிக்க வேண்டிய விஷயம்தான்” என்பாள். வைப்பாள். அடுத்த எண்ணை அழுத்துவாள். பெண்கள் பேச்சு என்று கோரிக்கை காது கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம்தான் காது கொடுத்தார். கொடுத்த காதில் இடி விழுந்தது.

“ஆமாண்ணா... நாளைக்குத்தான் ஓட்டு. ஜெயிச்சுடுவார், சந்தேகமே வேண்டாம். விருந்தாளியும் வரலாம்... அதான், திங்கட்கிழமை முதல் ரயிலைப் பிடிச்சுடு. மூணு மாசமா? ஆறு மாசம் இரேன்! உனக்கில்லாத வீடா? மத்தியானம் அவரும் சும்மாதான் இருப்பார், பேச்சுத் துணைக்கு ஆச்சு... ஆமா, அந்தக் கதையைக் கேட்டு அவருக்கும் நாளாச்சு.”

போனை வைத்தாள். கோரிக்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யாரு?”

“அண்ணன்தான்.”

“எந்த அண்ணன்?”

“எனக்கு என்ன, ஒன்பது அண்ணனா இருக்காங்க?”

அவளுக்கு ஒரே அண்ணன். கோரிக்கையின் டிப்போவிலேயே ஓட்டுநராக இருந்தவர். ஒருமுறை கோரிக்கையின் தலைமையில் இருபத்து மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த இருபத்து மூன்று நாளும் நானூறு பேருந்தும் நின்றன என்று கோரிக்கை எல்லா மேடையிலும் சொல்வார். அது முழு உண்மை இல்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் நின்றன. ஒரே ஒரு பேருந்து, முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு போலீஸ் ஜீப், உள்ளே ஒரு பயணிகூட இல்லாமல், தினமும் ஊரைச் சுற்றி வந்தது. அதை ஓட்டிய கருங்காலி இவர் மைத்துனர். அதற்காக அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். வரும்போதெல்லாம் குத்திக்கொண்டு வருவார். வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்: “மாப்பிள்ளை, அன்னைக்கு மட்டும் நான் வண்டியை எடுக்கலைன்னா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?”

“ஆறு மாசமா?” என்றார் கோரிக்கை. குரல் கீழே எங்கோ இருந்து வந்தது.

“மருமகளோட ஒத்துப்போகலையாம். பாவம், எழுபது நாளா அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். அவருக்கும் விடுதலை வேணாமா? நீங்கதானே சொன்னீங்க, மனுஷனைப் பூட்டி வைக்கக் கூடாதுன்னு?”

அன்று மாலைக் கூட்டத்தில் கோரிக்கையின் குரலில் சுரத்தில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று உடற்பயிற்சி ஆசிரியர் மேலேயிருந்து ஒரு மிட்டாயை எறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. டப்பா நாலாம் மாடியிலிருந்து புறப்பட்டது. மனைவி முதலில் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். கோரிக்கை பால்கனிக்குப் போய், திரையை இழுத்து மூடிக்கொண்டார். இடது கையில் சிவப்பு. வலது கையில் வெள்ளை. டப்பா கண்ணெதிரே காற்றில் லேசாக ஆடியது.

சிவப்பைத் தூக்கினார். ஆற்றங்கரை தெரிந்தது. கரையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சட்டையில் பதக்கம் மின்னியது. “மாப்பிள்ளை, அன்னைக்கு மட்டும்...”

துரோகத்துக்கும் தந்திரப் பின்வாங்கலுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு என்று அவர் பல துண்டறிக்கைகளில் படித்திருந்தார். கோடு எங்கே இருக்கிறது என்று எந்தத் துண்டறிக்கையிலும் போட்டிருக்கவில்லை. இருபது பேராவது சிவப்பு போடுவார்கள், என் ஒரு சீட்டால் போராட்டம் தோற்றுவிடாது, ஆனால் மைத்துனர் வருவதை நான் மனதார எதிர்த்தேன் என்று பதிவாகும் என்று தனக்குத்தானே ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். வலது கை டப்பாவின் கீறல்வரை போய் வெறுங்கையாகத் திரும்பியது. சிவப்பைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, கூம்பை எடுத்து, “பயப்படாமப் போடுங்க! மனசாட்சிப்படி!” என்று கத்தினார்.

பதினொரு மணிக்குப் பல் டாக்டர் முற்றத்தில் மேசை போட்டு, கையுறை மாட்டி, ஒவ்வொரு சீட்டாக இடுக்கியால் எடுத்து மேலே காட்டி எண்ணினார்.

“வெள்ளை... வெள்ளை... வெள்ளை...”

பத்தாவது வெள்ளையில் கைதட்டல் நின்றது. பதினேழாவதில் யாரோ தும்மினார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்து நான்காவதாக ஒரு சிவப்பு வந்தது. பிறகு மறுபடியும் வெள்ளை.

“மொத்தம் இருபத்தேழு. வெள்ளை இருபத்தாறு. சிவப்பு ஒண்ணு” என்றார் டாக்டர். அவருக்கே வெட்கமாக இருந்தது. “இன்னும் ஒரு மாசம் கதவு இப்படியே இருக்கும். மன்னிச்சுக்குங்க சார்.”

கோரிக்கை மெல்லக் கூம்பைத் தூக்கினார். தோற்ற போராட்டத்தில் பேசத் தெரியாதவன் தலைவனே இல்லை.

“ஒண்ணு!” என்றார். குரல் தழுதழுத்தது, அதில் பாதி நிஜம். “இருபத்தாறு பேர் பயந்த இடத்துல, ஒருத்தர் பயப்படலை! சரித்திரம் அந்த ஒருத்தரைத்தான் ஞாபகம் வச்சிருக்கும். அது யாருன்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.”

“நீங்க மட்டும் இல்ல சார், நானும் சிவப்புதான்!” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

“நானும்தான்!” என்றார் குமாஸ்தா, டையை இறுக்கிக்கொண்டு.

“நானும்!” “நானும் சார்!” அந்த ஒரு சிவப்புச் சீட்டுக்கு ஒன்பது பேர் சொந்தம் கொண்டாடினார்கள். பெண்கள் சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

கோரிக்கையும் உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தார். மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

“அஞ்சு நாளாக் கத்தின ஜனங்க! எப்படி மாறினாங்க?”

“யாரும் மாறலையே. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கதவு திறந்தா உங்க வீட்டுல முதல்ல என்ன நடக்கும்னு. குமாஸ்தா ஏழு மணி பஸ்ஸுல தொங்கிட்டு ஆபீஸ் போகணும். மேல் வீட்டு ஆசிரியர் அந்தத் தொப்பையோட பிள்ளைங்க முன்னாடி நிக்கணும். மிச்சத்தை அவங்களே யோசிச்சுக்கிட்டாங்க.”

“கோழைங்க!”

“கையைத் தூக்கச் சொல்லியிருந்தா மானத்துக்குப் பயந்து அத்தனை பேரும் தூக்கியிருப்பாங்க. நீங்க ஜெயிச்சிருப்பீங்க. நீங்கதான் ரகசியம் வேணும்னீங்க.”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, பேச்சை மாற்றுவதுபோல், “உன் அண்ணனுக்குத் தகவல் சொல்லிட்டியா? பாவம், பெட்டியெல்லாம் கட்டியிருப்பார்” என்றார்.

“அவர் எதுக்குப் பெட்டி கட்டணும்? அவரோட நான் பேசி ரெண்டு மாசமாச்சு.”

“நேத்து...?”

“நேத்து போன்ல சார்ஜே இல்ல.”

கோரிக்கை எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். நெஞ்சு நிமிர்ந்தது. தெருவே கேட்கும்படி சொன்னார்: “என்ன சூழ்ச்சி வேணும்னாலும் பண்ணு! இருபத்தாறு பேரை வளைச்சே, சரி. என்னை வளைக்க முடிஞ்சுதா? அந்த ஒரு ஓட்டு! அதை உன்னால என்ன பண்ண முடிஞ்சுது?”

அவள் பக்கத்தில் வந்து, துவைக்கப் போடுவதற்காக அவர் சட்டையைக் கழற்றச் சொன்னாள். பையில் விரலை விட்டு, கசங்கிய சிவப்புச் சீட்டை எடுத்து மேசைமேல் நீவி வைத்தாள்.

அவர் சீட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“அப்போ... அந்த ஒண்ணு?”

“நான் போட்டதுங்க. முப்பது வருஷப் போராளி வீட்டுல இருந்து ஒரு ஓட்டாவது விழ வேண்டாமா?”